பண்டரி வழியில் ஒரு நாள்

காலால் நடந்து நெடுந்தூரம் செல்வது வறியோர்க்கே உரியது என்று இந்நாளிற் பலர் எண்ணுகின்றனர். இருப்புப்பாதையும் பேருந்தும் வந்தபின், ஓர் ஊரினின்று மற்றோர் ஊருக்கு நடப்பவரைக் காணின், வண்டிக் கூலிக்கு வகையற்றவர் போலும் என்று உலகம் இரங்கும். ஆயினும் மகாராட்டிர நாட்டில், ஆண்டுதோறும் மழைக்காலம் தொடங்கும் வேளையில், பல லட்சம் மக்கள் பண்டரிபுரத்தை நோக்கி நடந்தே செல்கின்றனர். அவ்வூருக்குப் புகைவண்டி உண்டு, பேருந்தும் உண்டு. அவற்றையெல்லாம் அறிந்திருந்தும், ஏறத்தாழ 250 கிலோமீட்டர்த் தொலைவை மூன்று வார காலம் வெயிலிலும் மழையிலும் நடந்து கடப்பது ஏன்? இவ்வினாவிற்கு விடை காண விரும்பி, அவர்தம் நெடும்பயணத்தில் ஒரு நாளை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்நாள் எவ்வாறு புலர்ந்து எவ்வாறு முடிகின்றது என்பதை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

முதற்கண் இப்பயணத்தின் வரலாற்றைச் சிறிது அறிதல் வேண்டும். பண்டரிபுரம் பீமா நதிக்கரையில் உள்ளது. அந்நதி அவ்விடத்துப் பிறைபோல் வளைந்து செல்வதால் அதனைச் சந்திரபாகை என்பர். ஆங்குள்ள கடவுள் விட்டலன். இரு கைகளையும் இடுப்பில் ஊன்றி, ஒரு செங்கல்லின்மேல் நிற்கும் கோலம் அவனுடையது. தாய் தந்தையர்க்குப் பணிவிடை செய்துகொண்டிருந்த புண்டலீகன் என்பான், தன்னைக் காண வந்த கடவுளுக்கு ஒரு செங்கல்லை எறிந்து, பணி முடியுமளவும் அதன்மேல் நின்றிருக்குமாறு வேண்டினான் என்றும், அவ்வாறே அவன் இன்னும் நிற்கின்றான் என்றும் கதை கூறுவர். ஆண்டுதோறும் தவறாது சென்று மீளுதலை மராத்தியில் ‘வாரி’ என்பர். அங்ஙனம் செல்பவர் ‘வாரகரி’ எனப்படுவர். ஒருமுறை சென்று வந்தமைவதன்று இது. வாழ்நாள் முழுவதும் திரும்பத் திரும்பச் செல்லும் நோன்பாம்.

வாரகரிகள் தம் ஆசிரியராகக் கொள்ளும் அடியவருள் தலையாயவர் ஞானதேவர். பகவத்கீதைக்கு மராத்தி மொழியில் 1290ஆம் ஆண்டில் ஞானேசுவரி என்னும் விரிவுரை பாடி, 1296ஆம் ஆண்டில், இருபத்தொரு வயதளவில், புனே நகருக்கு அண்மையிலுள்ள ஆளந்தியில் சமாதியடைந்தவர் அவர். பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த துக்காராமரின் ஊர் தேஹூ. 1685ஆம் ஆண்டில் துக்காராமரின் மகனார் நாராயணர், அடியவர்தம் பாதுகைகளைப் பல்லக்கில் ஏற்றிப் பண்டரிக்குக் கொண்டுசெல்லும் வழக்கத்தைத் தொடங்கினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், சிந்தியா மன்னரிடம் பணிபுரிந்த ஹைபத்ராவ் பாபா என்பார், ஞானதேவரின் பல்லக்கை ஆளந்தியினின்று தனியே எழுந்தருளச் செய்து, அதற்குக் குதிரையும் கூடாரமும் அணிவகுப்பும் அமைத்துக் கொடுத்தார். படையொழுங்கு அறிந்த ஒருவர் பக்தருக்கு ஒழுங்கு வகுத்தார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. இவ்வழியின் சிறப்பிற் பெரும்பகுதி அவ்வொழுங்கிலேயே அடங்கியிருத்தலை நாம் காண்போம்.

இனி நாம் எடுத்துக்கொண்ட நாளுக்கு வருவோம். ஆளந்தியிற் புறப்பட்ட ஞானதேவர் பல்லக்கு புனே நகரில் இரண்டு இரவு தங்கியபின், மூன்றாம் நாள் விடியலிற் சாஸ்வட் என்னும் ஊரை நோக்கிப் புறப்படும். வழியனைத்திலும் இந்நாள் நடையே மிக நீண்டது. ஏறத்தாழ 30 கிலோமீட்டர். இடையே திவே கணவாயின் ஏற்றமும் உண்டு. இவ்வளவும் போதாதென்பதுபோல், பெரும்பாலும் அந்நாள் ஏகாதசியாகவே அமையும். ஆகவே மிகுதியாக உழைக்கும் நாளிலேயே வாரகரி உண்ணாநோன்பும் ஏற்கின்றான்.

கீழ்வானம் வெளுக்குமுன்னரே எழுதல் வேண்டும். குளிர்ந்த நீரில் ஆயிரக்கணக்கானோர் குளிப்பர். பல்லக்கின்முன் விடியற்கால ஆராத்தி நடைபெறும். நெற்றியில் கோபிசந்தனமும், கழுத்தில் துளசிமணி மாலையும், ஆண்கள் தலையில் வெண்குல்லாயும் விளங்கும். பலர் காலிற் செருப்பும் இல்லை. மூட்டைகளையும் சமையற் பாத்திரங்களையும் ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு குழுவினரின் சரக்கு வண்டியும் முன்னதாகவே சென்றுவிடும். மாலையில் இன்ன இடத்திற் கூடாரம் என்பது அவ்வண்டியோடு சென்றவர் பொறுப்பு.

குழு என்றோம், அதனை மராத்தியில் ‘திண்டி’ என்பர். இத்துணைப் பெருங்கூட்டம் ஒரே சாலையிற் செல்லும்போது நெரிசலின்றி நடப்பது யாங்ஙனம் எனின், திண்டி என்னும் அமைப்பே அதற்குக் காரணம். ஒவ்வொரு திண்டிக்கும் எண் உண்டு, இடம் உண்டு. பாதுகைகளைத் தாங்கிய தேருக்கு முன்னே 27 திண்டிகள் செல்லும். ஏனையவை பின்னே வரும். ஒரு திண்டியினுள்ளும் ஒழுங்கு உண்டு. முதலிற் காவிக்கொடி ஏந்துவோர். அவர்க்குப் பின்னர்க் கைத்தாளம் இடுவோர் இரு வரிசையாக. நடுவே மிருதங்கம் முழக்குவோர். அவரையடுத்து வீணை தாங்குவோர். இறுதியில், தலைமேல் துளசி மாடமும் நீர்க்குடமும் தாங்கிய பெண்கள். அவ்வீணையைத் தரையில் வைத்தல் வழக்கமன்று. ஒருவர் தோள் சோர்ந்தால் மற்றொருவர் தோளுக்கு மாறுமேயன்றிக் கீழிறங்காது.

அனைவர்க்கும் முன்னே இரண்டு குதிரைகள் செல்லும். ஒன்றன்மேல் கொடியேந்திய வீரன் இருப்பான். மற்றொன்றன்மேல் எவரும் இல்லை. அக்குதிரை ஞானதேவர் ஊர்வதாகக் கருதப்படுவது. மண்ணிற் பதிந்த அதன் குளம்படித் தூளை எடுத்து நெற்றியில் இட்டுக்கொள்வோர் பலர்.

நடையை நடத்துவது பாட்டு. ஞானதேவர், நாமதேவர், ஏகநாதர், துக்காராமர் முதலியோர் பாடிய அபங்கங்களை இன்ன வேளைக்கு இன்னவை என்னும் முறைப்படி பாடுவர். காலையிற் பாடுவது மாலையிற் பாடப்படாது. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, ஏனையோர் தாளத்தோடு திரும்பப் பாடுவர். தாளத்திற்கேற்ப அடி பெயரும். முதியவரும் இளையவரும் ஒரே விரைவில் நடத்தற்கு இத்தாளமே துணை. தனியே நடந்தால் ஐந்து கல் தொலைவிற் சோர்ந்துவிடக்கூடிய மூதாட்டி ஒருத்தி, பாட்டின் நடுவே நின்று இருபது கல் தொலைவு கடந்துவிடுகின்றாள். எழுதப் படிக்க அறியாத உழவரும் நூற்றுக்கணக்கான அபங்கங்களை நெஞ்சில் வைத்திருத்தல் இப்பயணத்தின் பயனே. ஆண்டுதோறும் மூன்று வாரம் நடைபெறும் இலக்கிய வகுப்பு என்றே இதனை நாம் கூறலாம். ஆசிரியர் முன்னே நடக்க, மாணவர் பின்னே நடக்கின்றனர்.

புனேயின் எல்லையிலுள்ள ஹடப்சரைக் கடக்குமளவும் நகர மக்கள் இருமருங்கும் நின்று வழியனுப்புவர். அலுவலகங்களிற் பணிபுரிவோர் பலர், மூன்று வாரம் விடுப்புக் கிடையாமையால், இவ்வொரு நாள் மட்டும் உடன் நடப்பர். வழியெங்கும் வாழைப்பழமும் வேர்க்கடலையும் தேநீரும் கொடுப்போர் உளர். ஜவ்வரிசியும் கடலையும் கலந்த நோன்புணவு ஆக்கி வைத்திருப்போர் உளர். ஒரு மரத்தடியில் நாவிதர் கூலி பெறாது மழித்துக்கொண்டிருப்பார்; மற்றொரு மரத்தடியிற் செருப்புத் தைப்பவர் அறுந்த வாரைக் காசு வாங்காது தைத்துக் கொடுப்பார்; வேறொருவர் அறியாத முதியவரின் கால்களை எண்ணெயிட்டுப் பிடித்துக்கொண்டிருப்பார். நடப்பவன் மட்டுமே யாத்திரிகன் அல்லன். நடப்பவன் காலைப் பிடிப்பவனும் யாத்திரிகனே என்பது இவர்தம் கொள்கை.

இவ்வழியில் ஒருவரையொருவர் அழைக்கும் சொல் ஒன்றுண்டு. அது ‘மாவுலி’ என்பது. தமிழில் மௌலி என்பது முடியைக் குறிக்கும். மராத்தியில் மாவுலி என்பது தாயைக் குறிக்கும். ஞானதேவரைத் தாய் எனப் போற்றும் இவர்கள், ஆண், பெண், முதியவர், சிறுவர் என்னும் வேறுபாடின்றி எதிர்ப்பட்ட எவரையும் அப்பெயராலேயே அழைக்கின்றனர். இருவர் எதிர்ப்படின் ஒருவர் காலை மற்றவர் தொடுவர். தொடப்பட்டவரும் உடனே குனிந்து தொட்டவர் காலைத் தொடுவர். தொழுவாரும் தொழப்படுவாரும் என்னும் பிரிவு அக்கணத்தில் மறைந்துவிடுகின்றது.

நண்பகல் ஓய்வுக்குப்பின் வட்கி என்னும் ஊரைக் கடந்ததும் திவே கணவாய் தொடங்கும். சாலை பாம்புபோல் வளைந்து வளைந்து ஏறும். தேரை இழுக்கும் ஓரிணை எருதுகளால் அவ்வேற்றத்தை ஏறல் இயலாது. ஆதலின் கூடுதலாகப் பல இணை எருதுகளைப் பூட்டுவர். அப்பொழுது மழை தூறினால் எவரும் ஒதுங்குவதில்லை. உழவர்க்கு அம்மழையே பண்டரிநாதன் அனுப்பிய முதற்செய்தி. விதைத்துவிட்டு வந்தவர், வீட்டிலுள்ள நிலத்தை நினைந்து மகிழ்வர். மேலிருந்து திரும்பி நோக்கினால், மலையின் அடிமுதல் முடிவரை வெண்குல்லாய்களும் காவிக்கொடிகளும் ஒரே ஒழுக்காய் அசைந்துவரக் காணலாம். ஏற்றத்தில் மூச்சு முட்டினாலும் பாட்டு நிற்பதில்லை. தளர்ந்தவரின் அடியைத் தளராதவர் பாடிவிடுகின்றனர்.

இருள் சூழும் வேளையிற் பல்லக்கு சாஸ்வட்டை அடையும். ஞானதேவரின் தம்பி சோபானர் சமாதியடைந்த ஊர் அது. அங்கு நிகழும் மாலை ஆராத்தியே நாம் சிறப்பாக எடுத்துரைக்க விரும்புவது. திண்டிகள் யாவும் பல்லக்கைச் சூழ்ந்து வட்டமாக நிற்கும். ஆயிரக்கணக்கான தாளங்கள் ஒருங்கே ஒலிக்கும். ஒருவர் பேசுவது மற்றவர் காதில் விழாது. அப்பொழுது ‘சோப்தார்’ எனப்படும் வெள்ளிக்கோல் ஏந்தியவர் தம் கோலை உயர்த்துவார். உயர்த்திய அக்கணமே அத்துணைத் தாளங்களும் நின்றுவிடும்.

ஆனால் எல்லாத் தாளங்களும் நிற்றல் வேண்டும் என்பதில்லை. ஏதேனும் ஒரு திண்டிக்கு அன்று குறை நேர்ந்திருப்பின், அத்திண்டியார் மட்டும் தம் தாளத்தை நிறுத்தாது ஒலித்துக்கொண்டேயிருப்பர். தம் இடத்தைப் பிறர் பற்றிக்கொண்டனர், குடிநீர் வரவில்லை, கூடாரம் அமைக்க இடம் கிடைக்கவில்லை என்பன போன்ற குறைகளாக அவை இருக்கலாம். அத்தனி ஒலியைக் கேட்டதும் சோப்தார் அவ்விடம் நோக்கிச் செல்வார்; குறையைக் கேட்பார்; தீர்க்க வழி கூறுவார். அதன் பின்னரே அத்தாளம் ஓயும். ஓய்ந்த பின்னரே ஆராத்தி தொடங்கும். காணாமற் போன பொருள்களும், கண்டெடுத்த பொருள்களும், மறுநாட் புறப்படும் வேளையும் அங்கேயே அறிவிக்கப்படும். லட்சம் பேர் பசியோடும் களைப்போடும் நிற்க, ஒரு சிறு குழுவின் குறை கேட்கப்படுமளவும் வழிபாடு காத்திருக்கின்றது. வழிபாட்டின் பொருளை இதனினும் தெளிவாக விளக்குவதொன்றை நாம் அறியோம்.

இவ்வாறு ஒரு நாள் முடிகின்றது. இதனை மட்டும் கூறி நிறுத்தினால், இவ்வழியில் ஏற்றத்தாழ்வு எக்காலத்தும் இருந்ததில்லை என்று நண்பர்கள் கருதக்கூடும். உண்மை அதுவன்று.

மானிடவியல் அறிஞர் ஐராவதி கார்வே அம்மையார் இவ்வழியில் நடந்து, தாம் கண்டதை எழுதினார். அக்கட்டுரை 1962ஆம் ஆண்டில் ஆங்கிலத்திலும் வெளியாகிப் பலராலும் பயிலப்பெற்றது. நாள் முழுதும் ஒரே பாட்டை ஒரே குரலாய்ப் பாடிவந்த பிராமணரும் மராத்தரும், உணவு வேளையில் வேறு வேறு பந்தியாகப் பிரிந்தமை அவர் உள்ளத்தை வருத்திற்று. பாட்டில் ஒன்றுபட்டோர் சோற்றில் ஒன்றுபடவில்லை.

பண்டரிபுரத்துக் கோயில் வாயிலிலோ இதனினும் பெரிய சான்று ஒன்றுளது. பதினான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த சோகாமேளர் மகார் குலத்தினர். தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்டவர். அவரும், அவர் மனைவி சோயராபாயும், மகன் கர்மமேளரும் அபங்கங்கள் பாடிய அடியவர்கள். மதிற்சுவர் கட்டும் பணியில் ஈடுபட்டிருந்தபோது, அது இடிந்து வீழ்ந்து சோகாமேளர் உயிர் துறந்தார். இடிபாடுகளிடையே அவர்தம் எலும்புகளை நாமதேவர் தேடிச்சென்று, விட்டலன் பெயர் ஒலித்த எலும்புகளை மட்டும் எடுத்து வந்தார் என்பது மரபு. அவற்றை வைத்த சமாதி கோயிலின் பெருவாயிலுக்கு எதிரே வெளியில் உள்ளது. வாழ்நாளில் உள்ளே செல்லாதவர் இறந்த பின்னும் வெளியிலேயே இருக்கின்றார். அவர் பாடிய பாட்டு உள்ளே சென்றது. அவர் மரபினர் ஆறு நூற்றாண்டு உள்ளே செல்லவில்லை.

தமிழ் பயிலும் நமக்குத் திருநாளைப்போவாரின் வரலாறு ஈண்டு நினைவுக்கு வாராதிராது. தில்லைக்கு நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று சொல்லியே நாள் கழித்த அவ்வடியவரின் பெயரே, தடுக்கப்பட்ட ஒரு யாத்திரையின் பெயரன்றோ? அறிஞர் அம்பேத்கர், தீண்டாதார் யாவர் என்பதை ஆராய்ந்து 1948ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலை மூவர் நினைவுக்குப் படைத்தார். நந்தனார், ரவிதாசர், சோகாமேளர் என்பாரே அம்மூவர். தில்லையின் வாயிலும் பண்டரியின் வாயிலும் அப்படையலில் ஒருங்கு நிற்கின்றன.

பண்டரி வாயில் திறந்தது 1947ஆம் ஆண்டில். நூலாசிரியரும் விடுதலைப் போராட்ட வீரருமாகிய சானே குருஜி, ஒடுக்கப்பட்டோர்க்கு அக்கோயிலைத் திறந்துவிட வேண்டுமென மகாராட்டிரம் முழுதும் சுற்றிப் பேசி, அவ்வாண்டு மே மாதத்தில் பண்டரிபுரத்திலேயே உண்ணாநோன்பு மேற்கொண்டார். அதன் பயனாகக் கோயில் அனைவர்க்கும் திறக்கப்பட்டது. அப்பெரியார் திருச்சிராப்பள்ளிச் சிறையில் இருந்த காலத்தில் தமிழ் கற்றவர் என்பதும், திருக்குறளை மராத்தியில் ஆக்கியவர் என்பதும் நம்மனோர் அறிந்து மகிழத்தக்கவை.

இதனைப் படிக்கும் கிறிஸ்தவ நண்பர்கள், இது பிறர் வீட்டுக் குறை என்று அமைதல் இயலாது. தமிழ்நாட்டுத் திருச்சபைகளிலும் ஒரே ஆலயத்திற் சாதிக்கொரு பக்கமாய் அமர்ந்தும், இராப்போசனக் கிண்ணத்தை முன் பின் எனச் சாதி வரிசையிற் பெற்றும் வந்த காலம் உண்டு. கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன் 1833ஆம் ஆண்டில், சாதி வேற்றுமையைச் சபைகளினின்று அறவே நீக்குதல் வேண்டும் என்று கடிதம் விடுத்தார். அதனைக் கேட்டுச் சாதியை விடாது சபையை விட்டவர் பலர். ஒரே கிண்ணத்திற் பருகுதலே வழிபாடாகவுள்ள இடத்திலும் கிண்ணத்தைப் பிரித்தவர் நம் முன்னோர் என்பதை மறைத்தல் நேர்மையாகாது.

மராத்தியக் கிறிஸ்தவரிடையே இவ்வழியின் அருமையை உணர்ந்தவர் நாராயண் வாமன் திலகர். 1895ஆம் ஆண்டில் ஞானஸ்நானம் பெற்ற இக்கவிஞர், தாம் கிறிஸ்துவினிடம் வந்ததற்குத் துக்காராமரே பாலமாயிருந்தார் என்று கூறுவது வழக்கம். அவர் பாடிய கிறிஸ்தவ அபங்கங்களை மராத்தியச் சபைகள் இன்றும் பாடுகின்றன. தாம் விட்டுவந்த கரையை இகழாது, அங்கிருந்து நல்ல பாட்டைக் கையோடு கொண்டுவந்தமை அவர்தம் பெருமை.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு வருவோம். 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பெருந்தொற்றுக் காரணமாக நடைப்பயணம் நிறுத்தப்பட்டுப் பாதுகைகள் மட்டும் பேருந்திற் பண்டரிக்குச் சென்றன. மூன்று வாரம் எடுக்கும் வழி சில மணி நேரத்தில் முடிந்தது. பாதுகைகள் சேர வேண்டிய இடம் சேர்ந்தன. ஆனால் எவரும் எவர் காலையும் பிடிக்கவில்லை. எவர் தோளினின்றும் வீணை எவர் தோளுக்கும் மாறவில்லை. சோப்தாரின் கோலுக்கு அடங்காது ஒலித்துத் தன் குறையைச் சொல்லும் தாளமும் கேட்கவில்லை. 2022ஆம் ஆண்டில் மக்கள் மீண்டும் நடந்தனர். நடப்பதனாற் கிடைப்பது பண்டரி அன்று. பண்டரி பேருந்திலும் கிடைக்கும். ஒருவரோடொருவர் வாழும் பயிற்சியே நடப்பதனாற் கிடைப்பது.

அப்பயிற்சி முழுமை பெற்றுவிட்டதென்று நாம் கூறவில்லை. வழி கற்பித்ததை வாயில் கற்றுக்கொள்ள ஆறு நூற்றாண்டு ஆயிற்று. ஆயினும், வாயில் திறந்தபோது அதனைத் திறந்தவர் கையில் இருந்த வலிமை, அவ்வழியிற் பல நூற்றாண்டாக மாவுலி என்று ஒருவரையொருவர் அழைத்து நடந்தவர் தந்த வலிமையே என்பதை மறுத்தல் இயலாது. ஆதலின், ஒன்றாய்ப் பாடுவோர் ஒன்றாய் உண்கின்றனரா என்றும், பெருங்கூட்டம் அமைதியுற்ற பின்னும் ஒலிக்கும் ஒற்றைத் தாளத்தை எவரேனும் சென்று கேட்கின்றனரா என்றும் வினவுதலே எந்தச் சமயத்தையும், எந்தக் கழகத்தையும், எந்தக் கல்லூரியையும் அளந்தறியும் கோலாகும். நம் விடுதி உணவறையும் ஆலயமும் அவ்வளவைக்குப் புறம்பானவை அல்ல.